சேஸிஸ் நம்பரில் ஒரு ஓ

ராத்திரி பதினொன்றரை மணி. பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, என்ஜினுக்குப் பின்னால் இருந்த தகட்டைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பதினாலு வருஷத்து எண்ணெயும் தூசியும் சேர்ந்து தார் மாதிரி ஒட்டியிருந்தது. நண்பன் ஒரு கையில் டார்ச், மறுகையில் சுங்க ஆவணத்தின் வரைவு நகலோடு நின்றான். நான் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, அவன் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தான்.

"அடுத்தது சைபர்."

"என்கிட்ட ஓ-ன்னு இருக்கே."

"நல்லாப் பாருடா. ஓவா, சைபரா?"

டார்ச்சைத் தாளுக்குத் திருப்பினோம். பக்கத்தில் இருந்த மற்ற சைபர்கள் ஒல்லியாக, நீளமாக இருந்தன. பதினோராவது இடத்தில் இருந்தது மட்டும் உருண்டையாக இருந்தது. சந்தேகமே இல்லை, ஆங்கில எழுத்து ஓ.

சேஸிஸ் நம்பர், அதாவது காரின் அடையாள எண், மொத்தம் 17 இடம். ஐ, ஓ, கியூ என்ற மூன்று எழுத்துகளுக்கும் அதில் இடமே கிடையாது. ஒன்றும் சைபரும் எழுத்தோடு குழம்பிவிடக் கூடாது என்றுதான் உலகத் தர விதியிலேயே அவற்றை விலக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே அந்தத் தாளில் இருந்தது எங்கள் காரின் எண் இல்லை. உலகில் எந்தக் காரின் எண்ணும் இல்லை. அதைத் திருத்தி வாங்க எட்டு நாள் ஆனது. புறப்பட ஏழு வாரம் இருந்ததால் எட்டு நாளைத் தாங்க முடிந்தது. எல்லைச் சாவடியில், வரிசையில் நிற்கும்போது இது கண்ணில் பட்டிருந்தால் என்ன செய்திருப்போம் என்று இப்போதும் யோசிப்பேன்.

தொண்டுக்காகப் பணம் திரட்டி, பழைய காரில் பல நாடு கடந்து போகும் நெடும்பயண ராலிகளைப் பற்றிப் பலருக்கும் தெரிந்திருக்கும். இவற்றில் பேர்போன மங்கோல் ராலி 2004-ல் ஆறு அணிகளோடு தொடங்கியது. அந்த முதல் தடவை நாலு அணிதான் கடைசிவரை போய்ச் சேர்ந்தது. சின்ன என்ஜின், ஒரு லிட்டருக்குள், உதவி வண்டி கூட வராது என்பது அதன் அடிப்படை. பிளிமத்–பாஞ்சுல் சேலஞ்ச் இன்னொரு வகை. அதில் சஹாராவைத் தாண்டி காம்பியா போய்ச் சேரும் கார்களை அங்கேயே ஏலம் விட்டு, அந்தப் பணத்தை உள்ளூர்த் தொண்டுக்குக் கொடுப்பார்கள். எந்த ராலியாக இருந்தாலும் இது பந்தயம் இல்லை. முதலில் போய்ச் சேர்ந்தவருக்குப் பரிசு கிடையாது. போய்ச் சேர்வதுதான் காரியம்.

நாங்கள் மூன்று பேர். ஒன்பது மாதம் தயாரானோம். அந்த ஒன்பது மாதத்தில் நான் கற்றுக்கொண்டது இது: காரில் எது உடைந்தாலும் சாலை ஓரத்தில் ஏதாவது செய்யலாம். கம்பியால் கட்டலாம், பசை வைக்கலாம், யாராவது டிராக்டரில் இழுத்துப் போவார்கள். தாளில் ஒரு எழுத்து உடைந்தால் சாலை ஓரத்தில் அதை ஒட்டவைக்க ஆள் கிடையாது. ஆனாலும் முதல் நாலு மாதமும் எங்கள் கவனம் முழுக்கக் காரின் மேல்தான் இருந்தது. கார் கையில் தொட முடிகிற பொருள், அதனால் ஆசை அங்கேதான் போகும்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வாங்கிய அன்றே மெக்கானிக் கேட்ட கேள்வி, "தம்பி, டைமிங் பெல்ட் எப்ப மாத்துனதுன்னு சீட்டு இருக்கா?" சீட்டு இல்லை. "அப்ப மாத்தலைன்னே வச்சுக்க." பிஸ்டனையும் வால்வையும் தாளம் தப்பாமல் ஓட வைப்பது அந்த பெல்ட். எங்கள் என்ஜினில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் போய் இடிக்கும், அதோடு என்ஜின் முடிந்தது. பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே தடவையில் மாற்றினோம். பிரித்த பிறகு வாட்டர் பம்ப்பைக் கையில் எடுத்து ஆட்டிக் காட்டினார். அச்சு லொடலொடவென்று ஆடியது. இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் வந்திருக்காது.

எடைக் கணக்கு போடாமல் கிளம்புகிறவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். எங்கள் மாதிரி சின்னக் காருக்கு ஆளும் சாமானும் சேர்ந்து ஏறத்தாழ 400 கிலோதான் தாங்கும். எவ்வளவு என்று கதவு ஓரத்துத் தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும். மூன்று ஆளுக்கு 225 கிலோ போட்டோம். இரண்டு ஸ்டெப்னி 30, நாற்பது லிட்டர் பெட்ரோல் 30, குடிதண்ணீர் 20, ஸ்பானர் பெட்டியும் ஜாக்கியும் 15. இதற்கே 320 ஆகிவிட்டது. கூடாரம், படுக்கை, துணி, சமையல் சாமான், மருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சம் 80 கிலோ. அதாவது ஆளுக்கு 27 கிலோகூட இல்லை. வாசலில் தராசு வைத்து ஒவ்வொருவர் பையையும் நிறுத்தோம். மேல்கூரை கேரியரில் 50 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று கையேட்டில் இருந்தது, அதுவும் நல்ல சாலைக்கு. குண்டும் குழியுமான பாதையில் அதே 50 கிலோ ஒவ்வொரு குதிப்பிலும் கூரையைப் போட்டு அடிக்கும். அதனால் கனமானதெல்லாம் உள்ளே, தரையோடு. படுக்கையும் கூடாரமும் மட்டும் மேலே.

ரேடியேட்டர் மூடி என்று ஒன்று இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வாங்குகிற உதிரிபாகங்களிலேயே மலிவானது. தஜிகிஸ்தானில் பாமிர் நெடுஞ்சாலையின் உச்சியான அக்-பைதல் கணவாய் 4,655 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். கார் என்ஜின் சாதாரணமாக ஓடுகிற வெப்பமே 90 டிகிரிப் பக்கம். அப்படியானால் அந்த உயரத்தில் ரேடியேட்டர் ஏன் கொதிப்பதில்லை? அந்த மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான். அதன் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் சமவெளியில் எதுவும் தெரியாது. மலை ஏறும்போதுதான் தெரியும். புது மூடி இரண்டு வாங்கி, ஒன்றை மாட்டி, ஒன்றைப் பெட்டியில் வைத்தோம். வெறும் தண்ணீர் விடாமல், கூலன்டையும் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்தால், மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. அதே உயரத்தில் காற்றின் அடர்த்தியும் குறைவு. டர்போ இல்லாத என்ஜின் தன் சக்தியில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்துவிடும். முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறுகிற காரைப் பார்த்து பயந்துபோய் என்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. காற்று இல்லை, அவ்வளவுதான்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரம் சேர்ந்த பிறகு அது 155 வரை இறங்கிவிடலாம். நீளமான இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வரும். ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போய்விடும். பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றினோம். டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. புதியது தேன் நிறத்தில் இருக்கும்.

என்ஜினின் அடியைக் கல் படாமல் காக்கும் அடித்தகடு, அதாவது சம்ப் கார்டு, கட்டாயம். மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகடு வெட்டி மாட்டினோம். முதலில் செய்த தகட்டில் என்ஜின் ஆயில் வடிக்கத் துளை விடவில்லை. ஆயில் மாற்றும்போதெல்லாம் எட்டு போல்ட்டைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பது மாட்டிய பிறகுதான் புரிந்தது. இன்னொரு தடவை பட்டறைக்குப் போய்த் துளை போட்டோம். டயர் வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. தேயாமல் பளபளவென்று இருக்கிற டயர்கூட பத்து வருஷப் பழசாக இருக்கலாம். மற்றபடி ஷாக் அப்சார்பர், வீல் பேரிங், சைலன்சரைத் தாங்கும் ரப்பர், ஹோஸ் கிளிப் எல்லாம் எல்லோரும் சொல்வதுதான். இன்னொன்று மட்டும்: பெட்ரோல் டேங்கில் கல் பட்டுச் சின்னக் கசிவு வந்தால் துணி சோப்பை ஈரமில்லாமல் அழுத்தித் தேய்த்து அடைத்தால் பட்டறை வரை போய்ச் சேரலாம். சோப்பு பெட்ரோலில் கரையாது.

புறப்பட ஒரு மாதம் முன்னால், முழுச் சுமையோடு 500 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம். அதைச் செய்யாமல் யாரும் கிளம்பக் கூடாது. கேரியர் போல்ட்டில் இரண்டு தளர்ந்திருந்தன. கேனிலிருந்து பெட்ரோல் வாடை வந்தது. ஜாக்கி, சாமான்களுக்கெல்லாம் அடியில் புதைந்து கிடந்தது. அன்று இரவே வேண்டுமென்று மண்ணில் நிறுத்தி, டார்ச் வெளிச்சத்தில் ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டினோம். ஜாக்கி மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போனது. ஒரு சதுரப் பலகை வாங்கிப் போட்டோம்.

இனி தாள்.

சில நாடுகளுக்குள் வெளிநாட்டுக் காரைக் கொண்டுபோக கார்னே என்ற சுங்கப் புத்தகம் வேண்டும். 'இந்தக் காரை இங்கே விற்க மாட்டேன், திரும்ப எடுத்துப் போய்விடுவேன்' என்பதற்கான உத்தரவாதம் அது. கார்களைத் தற்காலிகமாக இறக்குமதி செய்வது பற்றி 1954-ல் நியூயார்க்கில் ஏற்பட்ட உடன்படிக்கையில் இதற்கு வேர் இருக்கிறது. மோட்டார் சங்கங்கள் வழியாகத்தான் கிடைக்கும். காரின் மதிப்பையும், போகிற நாடுகளில் எது அதிக வரி போடுகிறதோ அதையும் வைத்து ஒரு தொகையை நிர்ணயித்து, வங்கி உத்தரவாதமோ வைப்புத்தொகையோ கேட்பார்கள். சில நாடுகளில் இறக்குமதி வரி காரின் விலையையே தாண்டும் என்பதால் இந்தத் தொகை காருக்குக் கொடுத்த பணத்தைவிட அதிகமாக இருக்கலாம். எங்களுக்கு அப்படித்தான் இருந்தது. பட்ஜெட்டில் இதை யாருமே எழுதியிருக்கவில்லை.

புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் ஒரு நாட்டுக்கு. பக்கம் மூன்று துண்டாக இருக்கும். உள்ளே போகும்போது சுங்க அதிகாரி ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு, புத்தகத்தோடு இருக்கும் அடித்துண்டில் முத்திரை குத்துவார். வெளியே வரும்போது இரண்டாவது துண்டு போகும். அடித்துண்டில் இன்னொரு முத்திரை விழும். இரண்டும் இருந்தால்தான் கார் வெளியேறியதற்குச் சாட்சி. வெளியேறும் முத்திரை இல்லாவிட்டால், கார் வீட்டு வாசலில் நின்றாலும் அந்த நாட்டின் கணக்கில் அது அங்கேயே விற்கப்பட்டுவிட்டது. வரி கேட்டு ஓலை வரும். ஒரு சாவடியில் அதிகாலை மூன்று மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் இருந்த அதிகாரி கையால் 'போங்கள்' என்று காட்டிவிட்டார். தடுப்புக் கட்டை தூக்கியாகிவிட்டது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. நண்பன் இறங்கி ஓடி, புத்தகத்தை அவர் மேஜைமேல் விரித்து, காலியான கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினான். அவர் அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இழுப்பறையில் முத்திரையைத் தேடி எடுத்துக் குத்தினார். மை காயும்வரை அவன் புத்தகத்தை மூடவில்லை.

கார்னேயில் இன்னொரு சிக்கல். 'பயண முடிவில் காரையே ஒரு ஆசுபத்திரிக்குக் கொடுத்துவிடலாமே' என்று முதலில் ஆசைப்பட்டோம். தற்காலிகமாக நுழைந்த காரைத் தானம் கொடுத்தாலும் சுங்கத்தின் கண்ணுக்கு அது இறக்குமதிதான். வரி கட்ட வேண்டும், அல்லது வாங்குகிற அமைப்பு முன்கூட்டியே விலக்கு வாங்கியிருக்க வேண்டும். வலதுபக்க ஸ்டியரிங் கூடாது, இத்தனை வருஷத்துக்கு மேல் பழசு கூடாது என்றெல்லாம் நாட்டுக்கு நாடு விதி உண்டு. ராலி நடத்துகிறவர்களே அதற்கு ஏற்பாடு செய்திருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நாம் கொடுக்கிற கார், வாங்குகிறவர் தலையில் வரிச்சுமையாக இறங்கும். நாங்கள் அந்த எண்ணத்தை விட்டுவிட்டுப் பணமாகவே கொடுக்க முடிவு செய்தோம். அந்தப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. பெட்ரோல், விசா, டயர் எதற்கும் அதிலிருந்து ஒரு காசு எடுக்கக் கூடாது, பயணச் செலவு முழுக்க எங்கள் சம்பளத்திலிருந்து என்று எழுதி, கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினோம். இது சட்டம் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்றில்லை. நோயாளிக்கு என்று ஒருவர் கொடுத்த பணத்தில் டயர் வாங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி ஒன்று, 1968 வியன்னா உடன்படிக்கையின்படி ஒன்று என இரண்டு வகை பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கிறது. முன்னது ஒரு வருஷம் செல்லும், பின்னது மூன்று வருஷம் வரை. எந்த நாடு எதை ஏற்கும் என்று வழியிலுள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் பார்க்க வேண்டும். இன்ஷூரன்ஸுக்கு ஐரோப்பாவிலும் அதை ஒட்டிய சில நாடுகளிலும் பச்சை அட்டை முறை உண்டு. 2020-லிருந்து அது பச்சைத் தாளில் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, வெள்ளைத் தாளில் அச்சிட்டாலும் செல்லும். நிறத்தைவிட, அதில் வரிசையாக இருக்கும் நாட்டுக் குறியீடுகளைப் பாருங்கள். அடித்திருக்கிற குறியீட்டு நாட்டில் உங்களுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. அட்டை செல்லாத நாடுகளில் எல்லையிலேயே வாங்க வேண்டியிருக்கும்.

விசாவில் தேதிதான் வில்லங்கம். துர்க்மெனிஸ்தானின் இடைவழி விசாவில், அதாவது நாட்டைக் கடந்து போக மட்டும் தரும் விசாவில், நுழையும் சாவடி, வெளியேறும் சாவடி, நாள் எல்லாம் எழுதியே தருவார்கள். காஸ்பியன் கடலைக் கடக்கும் சரக்குக் கப்பலுக்கோ நேர அட்டவணை கிடையாது. சரக்கு நிரம்பினால் கிளம்பும். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர்கள் துறைமுகத்தில் காத்திருந்து விசாவைக் கோட்டைவிட்டிருக்கிறார்கள். அதனால் காலண்டரை முதல் நாளிலிருந்து எழுதாமல், இறுக்கமான தேதியை நடுவில் வைத்து அதிலிருந்து பின்னோக்கி எழுதினோம். தஜிகிஸ்தான் விசா கையில் இருந்தாலும் பாமிர் பகுதிக்குத் தனி அனுமதி உண்டு. அதையும் அப்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும். மருந்துப் பெட்டியும் ஆவணம்தான் என்று சொல்வேன். கோடீன் கலந்த இருமல் மருந்தும் வலி மாத்திரையும் சில நாடுகளில் கடத்தல் குற்றம். தேவையானதை மட்டும், டாக்டர் சீட்டோடு, கம்பெனிப் பெயரில்லாமல் மருந்தின் பொதுப்பெயரில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டோம்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது, கார் யார் பெயரில் என்பது.

பணத்தை மூவரும் சமமாகப் போட்டோம். பழகிய விற்பனையாளர் என்பதால், எங்களில் ஒருவன் தன் பெயரில் பதிவு செய்துவிட்டான். அப்போது அதில் எதுவும் தோன்றவில்லை. பிப்ரவரியில் சுங்க விதிகளைப் படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது: பல நாடுகளில் காரை ஓட்டிக்கொண்டு நுழைகிறவர் பெயரிலேயே கார் பதிவாகும், சில இடங்களில் பாஸ்போர்ட்டிலேயே குறித்துவிடுவார்கள். அதன்பிறகு அந்த ஆள் கார் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேற முடியாது. காரைச் சுங்கக் கிடங்கில் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் போக வழி இருக்கலாம், அதற்கு நாள் ஆகும்.

அவனுடைய அப்பாவுக்கு இதயத்தில் ஏற்கெனவே ஒரு அறுவை நடந்திருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவனே ஒரு நாள் போனில், "காரை உன் பேருக்கு மாத்திடலாம்டா" என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. பதிவுச் சான்று கைமாற ஐந்து வாரம் ஆனது. அதற்குப் பிறகுதான் கார்னேவுக்கு விண்ணப்பம், இன்ஷூரன்ஸ், நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட ஓட்டும் அதிகாரப் பத்திரம் எல்லாம். இந்த வரிசை மாறினால் எல்லாத் தாளையும் திரும்ப எழுத வேண்டும். அதனால்தான் மே மாதத்தில், பானெட்டுக்கு அடியில், டார்ச்சோடு அவன் நின்றுகொண்டிருந்தான். தன் பெயரில் இல்லாத காரின் எண்ணை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தவன் அவன்தான்.

பயணத்தின் பத்தொன்பதாம் நாள், கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. பேசி முடித்து வந்தவன், "அம்மா" என்று மட்டும் சொன்னான். அப்பாவை ஆசுபத்திரியில் சேர்த்திருந்தார்கள். விமான நிலையம் 140 கிலோமீட்டர். நான் ஓட்டினேன். மற்றவன் பின் சீட்டில் டிக்கெட் தேடினான். சாமானில் அவன் பை எது என்று எடுத்து வைக்கவே நேரமில்லை. தோளில் மாட்டுகிற சின்னப் பையும் பாஸ்போர்ட்டும் மட்டும்தான்.

குடியேற்ற மேஜையில் இருந்தவர் அவன் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பாஸ்போர்ட்டில் அந்த நாட்டு நுழைவு முத்திரைக்குப் பக்கத்தில் காரின் பதிவெண் எழுதியிருந்தது. அவனுடையதில் நுழைவு முத்திரை மட்டும். அவர் ஒரு தடவை தேதியைப் பார்த்தார், முத்திரை குத்தினார், பாஸ்போர்ட்டை நீட்டினார். அரை நிமிஷம் இருக்காது. அவன் திரும்பிப் பார்த்துக் கையசைத்துவிட்டு உள்ளே போனான்.

மறுநாள் மாலை அவன் அப்பா கண்விழித்தபோது அவன் கட்டில் பக்கத்தில் இருந்தான். நாங்கள் இருவரும் அன்று காரை எடுக்கவில்லை. அவன் பையிலிருந்த துணியைத் துவைத்துக் காயப்போட்டோம். அதற்கு அடுத்த நாள் காலை, கதவுப் பைக்குள் இருந்த ஆவண உறையை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த எல்லைக்குக் கிளம்பினோம்.